பாலத்தின் அந்தப் பக்கம்

கல்யாணமாகி நான் பம்பாய்க்கு வந்தது 1986ல். கோவண்டி ஸ்டேஷனில் இறங்கி தேவ்னார் பக்கம் நடந்தால் எட்டாவது நிமிடத்தில் வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை. என் கணவருக்கு ட்ராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காபி டம்ளரைக் கீழே வைத்ததும், "கிளம்பு, ஊர் பாத்துட்டு வருவோம்" என்றார். நான் அம்பாசமுத்திரத்துக்காரி. ஊர் பார்ப்பது என்றால் எங்களுக்குக் குற்றால சீசன், இல்லாவிட்டால் திருச்செந்தூர். குடியிருக்கிற ஊரையே ஒருவர் வேலை மெனக்கெட்டுப் பார்க்கப் போவார் என்பது எனக்குப் புதிது.

அவரிடம் ஒரு எல்.ஐ.சி. டைரி இருந்தது. ஞாயிறுதோறும் தேதி, போன இடம், டிக்கெட் செலவு, சாப்பிட்டது என்று நான்கு விஷயங்களை அதில் எழுதுவார். அபிப்பிராயம் எதுவும் இருக்காது. எலிஃபென்டா குகைக்குப் படகில் போய்வந்த அன்றுகூட, 'எலிஃபென்டா. படகு. வெள்ளரிக்காய்' என்றுதான் இருக்கிறது. அந்த மூன்று முக மகேசமூர்த்தி முன்னால் அரை மணி நேரம் வாயடைத்து நின்ற மனிதர் இவர்தான் என்று டைரியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எங்கள் ரயில் ஹார்பர் லைன். மேற்கு ரயில்வேக்காரர்களும் சென்ட்ரல் ரயில்வேக்காரர்களும் இந்த லைனைக் கொஞ்சம் இளப்பமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் இந்தியாவில் மின்சார ரயில் முதன்முதலில் ஓடியது இந்தத் தடத்தில்தான். 1925 பிப்ரவரி 3ஆம் தேதி, வி.டி.யிலிருந்து குர்லா வரை. நான் வந்தபோது கோவண்டிக்கு அடுத்த மான்குர்த்தோடு ரயில் நின்றுவிடும். அதற்கப்பால் கழிமுகமும் சேறும். 1992ல் தானே கழிமுகத்தின் மேல் பாலம் கட்டி வாஷிக்கு ரயில் விட்டார்கள். முதல் மாதத்திலேயே நாங்கள் போய், எதுவும் வாங்காமல், தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

ராணி பாக் மிருகக்காட்சி சாலை, தாராபோர்வாலா மீன் காட்சியகம், கமலா நேரு பூங்காவில் அந்தப் பெரிய பூட்ஸ் வீடு, மாடி பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து கொலாபா, சிவ்ரி சேற்றில் நிற்கும் பூநாரைகள்... டைரிகள் ஆறேழு சேர்ந்துவிட்டன. காலையில் எந்தத் திக்கில் போனாலும் மாலையில் திரும்பும் வழி மட்டும் ஒன்றுதான். மாதுங்காவில் இறங்குவோம். கல்லூரிக்குப் பின்னாலோ மார்க்கெட் பக்கமோ ஏதாவது ஓர் ஓட்டலில் இட்லி, காபி. மல்லிகைச் சரம் ஒரு முழம். ஆஸ்திக சமாஜம் கோயிலில் ஒரு கும்பிடு. ஊருக்குப் போய்விட்டு வந்த திருப்தியோடு கோவண்டி ரயிலைப் பிடிப்போம்.

என் மகள் இப்போது டொரன்டோவில் இருக்கிறாள். சனி, ஞாயிறில் அவளும் மாப்பிள்ளையும் டிராம் ஏறி ஏரிக்கரை, மியூசியம் என்று சுற்றுகிறார்கள். போட்டோ வரும். கடைசி போட்டோ எப்போதும் ஸ்கார்பரோவில் ஒரு தோசை. சிரிப்பாக இருக்கிறது. ஒரு வயதில் நாங்களும் இதைத்தான் செய்தோம், விமானச் செலவு இல்லாமல்.

மாதுங்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1896ல் பம்பாயைப் பிளேக் தாக்கிய பிறகு, நெரிசலைக் குறைக்க ஆங்கிலேய அரசு அமைத்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டுப் போட்ட பேட்டைகளில் அதுவும் ஒன்று. அகலமான வீதி, இரு புறமும் மரம். டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் படித்துவிட்டுத் தெற்கேயிருந்து வந்த குமாஸ்தாக்கள் அங்கே குடியேறினார்கள். பள்ளிக்கூடம், பஜனை சமாஜம், சண்முகானந்தா சபா எல்லாம் வந்தன. நாங்கள் நினைத்துக்கொண்டதுபோல அது முழுக்கத் தமிழ்நாடும் இல்லை. 1940ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942ல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங், இதெல்லாம் கன்னட நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் நடத்தியவை. நான் பல வருடம் அம்மா கைச் சமையல் என்று கண் கலங்கிச் சாப்பிட்டது மங்களூர்க்காரர் வைத்த சாம்பார். தெரிந்த பிறகும் ருசி குறையவில்லை என்பது வேறு விஷயம்.

1990லிருந்து எனக்கும் வேலை. பம்பாய் மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது. தமிழ் அதில் ஒன்று. தாராவிப் பக்கம் அப்படியொரு பள்ளியில் ஆசிரியை. முப்பத்திரண்டு வருடம். ஆரம்பத்தில் ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள். கடைசி வருடங்களில் அதில் பாதிகூட இல்லை. பெற்றோர் இங்கிலீஷ் மீடியத்தைத் தேடிப் போனார்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. என் மகளை நான் எங்கே படிக்க வைத்தேன்?

ஆக, கொலாபாவிலிருந்து வாஷி வரை பார்த்தாயிற்று. தாராவிச் சந்துகள் அத்துப்படி. பார்க்காத இடம் ஒன்றே ஒன்று. கோவண்டி.

கோவண்டி ஸ்டேஷன் பாலத்தில் எங்கள் பக்கம் இறங்கினால் டாடா சமூக அறிவியல் நிறுவனம், மக்கள்தொகை ஆய்வு நிறுவனம், மரங்கள், எங்கள் சொசைட்டிகள். மறுபக்கம் இறங்கினால் சிவாஜி நகர், பைங்கன்வாடி, அதற்குப் பின்னால் 1927லிருந்து நகரத்தின் குப்பை கொட்டும் தேவ்னார் மேடு. எழுபதுகளில் நகரின் பல மூலைகளிலிருந்து பெயர்த்தெடுத்த குடிசைவாசிகளைக் கொண்டுவந்து போட்ட இடம். 'மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை 2009' வார்டு வாரியாகப் போட்ட கணக்கில் கடைசி இடம் எங்கள் எம்-கிழக்கு வார்டுக்கு. அந்த வார்டில்தான் நானும் இருந்தேன் என்றாலும், அந்தக் கடைசி இடம் பாலத்துக்கு அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்றே எடுத்துக்கொண்டேன்.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கலவரம் நடந்த இரண்டு மாதம் டைரியில் ஞாயிறுகள் வெறுமையாக இருக்கின்றன. இரவில் எங்கள் மொட்டை மாடியில் ஆண்கள் தடியோடு காவல் இருந்தார்கள். 'அந்தப் பக்கத்திலிருந்து' வருகிறார்கள் என்று தினம் ஒரு வதந்தி. ஒருவரும் வரவில்லை. அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவும் இல்லை. 1998ல் ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கை வெளியானபோது, தேவ்னார் போலீஸ் எல்லையில் நடந்தவற்றைப் பத்திரிகையில் படித்தேன். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நடந்த விஷயங்கள். படித்துவிட்டு, அடுத்த ஞாயிறு நாங்கள் போனது ஹேங்கிங் கார்டனுக்கு. டைரி சொல்கிறது.

2022ல் ஓய்வு பெற்றேன். அவர் ஏற்கெனவே வீட்டில். அம்பாசமுத்திரத்தில் மாமனார் வீட்டைப் பழுது பார்த்து, ஏப்ரலில் ஊரோடு போய்விடுவது என்று முடிவு. 2023ல் பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, ஜனவரி 15. பம்பாயில் கடைசிப் பொங்கல், அதுவும் ஞாயிறு. "பழைய மாதிரி ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றார்.

விடிகாலையில் குக்கரில் பொங்கல் வைத்துப் படைத்தேன். மூன்று விசில் வந்தது. எதுவும் பொங்கி வழியவில்லை. பக்கத்து வீட்டு மராத்திக் காக்கு, சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொண்டுவந்து கையில் வைத்து, 'தில்குள் க்யா, கோட் கோட் போலா' என்றாள். எள்ளுருண்டை எடுத்துக்கோ, இனிமையாகப் பேசு என்று அர்த்தம். முப்பது வருடமாக இதே வாசலில் இதே வாசகம். அன்றைக்கு அவள் குரல் உடைந்துவிட்டது. டி.வி.யில் மாரத்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜனவரிக் குளிருக்கு அவர் மங்கி குல்லாய் போட்டுக்கொண்டார். நாற்பது வருடத்து பம்பாய் வாசம் அந்தக் குல்லாயை மட்டும் கழற்றவில்லை.

குர்லாவில் வண்டி மாறி மாதுங்கா. மார்க்கெட்டில் கரும்புக் கட்டுகள் சுவரோடு சாய்ந்திருந்தன. மஞ்சள் கொத்து, வாழையிலை, கனகாம்பரம். தமிழ்நாட்டில் பூக்காரியிடம் பேரம் பேசுவதைவிட இங்கே எனக்கு நன்றாக வரும்; இவர்களுக்கு என் குணம் தெரியும். காபிக்கு வரிசை. முன்பெல்லாம் தெற்கத்தி முகங்களாக இருந்த வரிசையில் இப்போது பாதிக்கு மேல் குஜராத்திக் குடும்பங்கள். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் மகனிடம் "இது ரொம்ப ஒரிஜினல்" என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அங்கிருந்து சயான் வந்து, பாலம் கடந்து தாராவி. பொங்கல் அன்றைக்குத் தொண்ணூறு அடி ரோட்டைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? சாலையோரம் நீளத்துக்கும் செங்கல் அடுப்பு. ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு பானை, ஒரு கோலம், ஒரு கரும்பு, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதும் ஒரு பெண். புகையில் எதிர்ச்சாரி தெரியாது. பாதிப் பேருக்கு மேல் எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். தோல் பதனிடும் வேலைக்கும் மண்பாண்ட, மில் வேலைகளுக்கும் மக்கள் வந்து சேர்ந்த அந்தச் சதுப்பு நிலத்தில் மூன்று, நான்கு தலைமுறைகளாக இருப்பவர்கள். அந்த வருடம் பானைகளுக்கு நடுவே பேச்சு ஒன்றுதான். தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றிருந்தது. யாருக்கு வீடு கிடைக்கும், எங்கே கிடைக்கும், மாடியில் இருப்பவன் என்ன ஆவான்? ரயிலில் பக்கத்தில் நிற்பவர் காலை மிதித்தாலும் கோபப்படாத தாராவிக்காரர்கள் அன்றைக்குக் குரலை உயர்த்திப் பேசினார்கள்.

"டீச்சர்!"

ஒரு பெண் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். "அடையாளம் தெரியலையா? 'ழ' வராம உங்ககிட்ட அடி வாங்கினவ."

'ழ' வராமல் என்னிடம் அடி வாங்கியவர்கள் தாராவியில் ஒரு ரயில் பெட்டி நிறைய இருப்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டேன். 1998ல் ஐந்தாம் வகுப்பு. முதல் பெஞ்சு. ஞாபகம் வந்துவிட்டது.

"இங்கதான் இருக்கியாம்மா?"

"இது அம்மா வீடு. பொங்கலுக்கு வந்தேன். நான் கோவண்டில, டீச்சர்."

"கோவண்டியா? எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு வருஷம். கட்டிக் கொடுத்தது தண்டவாளத்து ஓரக் குடிசையில. ரயிலுக்கு இடம் வேணும்னு எடுத்துட்டு, அங்க பில்டிங்குல வீடு கொடுத்தாங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "உங்களை எத்தனையோ நாள் பிளாட்பாரத்துல பாத்திருக்கேன் டீச்சர். கூப்பிடணும்னு நினைப்பேன். அதுக்குள்ள நீங்க உங்க பக்கத்துப் படியில விறுவிறுன்னு எறங்கிப் போயிருவீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. பானை பொங்கிவிட்டது, குலவைச் சத்தம், அவள் ஓடினாள். இலைத் துண்டில் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தபோது, "சாயங்காலம் நான் வந்துருவேன். சாரையும் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க" என்றாள். "வர்றோம்" என்று முந்திக்கொண்டு சொன்னவர் என் கணவர்.

வழக்கப்படி செம்பூரில் இறங்கி, சேடா நகர் முருகனைப் பார்க்கலாம் என்று போனோம். உச்சிவேளை, நடை சாத்தியிருந்தது. வீட்டுக்கு வந்து தூங்கினோம்.

ஐந்து மணிக்கு ஸ்டேஷன் பாலத்தில் ஏறி, மறுபக்கப் படியில் இறங்கினோம். முப்பத்தேழு வருடத்தில் முதல் தடவை. நான் கைப்பையை உடம்போடு சேர்த்துப் பிடித்திருந்ததை அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோக்காரர்களின் கூச்சல், பேக்கரியிலிருந்து ரொட்டி வாசனை, ஒரு மாடி அறையில் தறிபோலச் சட்டம் கட்டி ஜரிகை வேலை செய்யும் பையன்கள். நிமிர்ந்து பார்த்தால் வானம் முழுக்கக் காற்றாடி. சங்கராந்தி அல்லவா! எங்கள் பக்கத்தில் குழந்தைகள் போனோடு வீட்டுக்குள் இருந்தார்கள். காற்று திரும்பும்போது குப்பைமேட்டின் நாற்றம் வந்தது. 2016 ஜனவரி இறுதியில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது நாங்கள் ஜன்னலை மூடிக்கொண்டு இருமினோம். இவர்களுக்கு மூட வேறு பக்கம் ஏது?

ஏழு மாடிக் கட்டடங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் ஆட்டோ போகிற இடைவெளி. அவள் வீடு முதல் மாடி. 225 சதுர அடி. வெளியே வெயில் இருந்தது. உள்ளே டியூப் லைட் எரிந்தது.

"நம்ம முதல் வீடும் இவ்வளவுதான்" என்றார் என் கணவர்.

"அதுல வெளிச்சம் இருந்துச்சு" என்றேன்.

அவள் காதில் விழுந்துவிட்டது. "காலையில எந்திரிச்சதும் சுவிட்சு போடணும் டீச்சர். ராத்திரிதான் அணைப்போம்." அவள் புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவர். காசநோய் வந்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானவர். அதை மறைக்காமல் சொன்னார். அந்தப் படிக்கட்டில் அது ஜலதோஷம்போலச் சாதாரணம். கோவண்டி, மான்குர்த் பக்கத்தில் இப்படிப்பட்ட மூன்று மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் நடத்தி 2018ல் வெளியான ஆய்வொன்று, வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்மாடி வீடுகளில் காசநோய் கூடுதல் என்று சொன்னது. குடிசையை எடுத்துக் கட்டடம் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவள்தான்.

"ஊரோட போறீங்களாமே, கொடுத்து வெச்சவங்க" என்றார் அவர். அவர்களுக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். அவள் பிறந்ததிலிருந்து நான்கு தடவை போயிருக்கிறாள். "அங்க போனா பம்பாய்க்காரி வந்திருக்கான்னு வேடிக்கை பாப்பாங்க. இங்க மெட்ராஸி." சிரித்தாள்.

எட்டு வயது மகன் மூலையில் காற்றாடிக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தான். தமிழ் பேசுகிறான். எழுத்து தெரியாது, படிப்பு இந்தியும் இங்கிலீஷும். கிளம்பும்போது வாசலில் வைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நீங்க போறதுக்குள்ள, ஞாயித்துக்கிழமையில மட்டும், இவனுக்கு எழுத்து சொல்லித் தருவீங்களா? எங்கம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதற அளவுக்கு."

தாராவிக்கும் கோவண்டிக்கும் நடுவில் லெட்டர் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 22லிருந்து ஏப்ரல் 2 வரை பதினோரு ஞாயிறு. காலை பத்து மணிக்குப் பாலம் ஏறி இறங்குவோம். நான் பையனோடு உட்காருவேன். இவர் அந்த ஆட்டோக்காரரோடு டீ குடிக்கப் போவார். சிவாஜி நகரிலிருந்து அவர்கள் எங்கெங்கோ சுற்றினார்கள். டைரியில் பதினோரு தடவையும் 'கோவண்டி' என்றுதான் இருக்கிறது. டிக்கெட் செலவு என்ற இடத்தில் ஒரு கோடு. முதல் வாரம் கைப்பையைச் சேர்த்துப் பிடித்த நான், மூன்றாவது வாரம் அதை எடுத்துப் போகவே மறந்துவிட்டேன்.

உயிர் முடிந்து, மெய் முடிந்து, உயிர்மெய்யில் பாதி தாண்டினோம். மீதியை அவன் அம்மாவே சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான் என்று விட்டுவிட்டு ரயில் ஏறினோம். 'ழ' வரிசை மீதியில் மாட்டிக்கொண்டது.

2024 அக்டோபரில், தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தில் ஒரு பகுதியைத் தாராவித் திட்டத்துக்கு ஒதுக்க மாநில அமைச்சரவை முடிவு செய்ததாகப் பத்திரிகையில் வந்தது. அம்பாசமுத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து போனில் ஒரு படம். கோடு போட்ட நோட்டுத் தாளில் பையன் எழுதியது:

'டீச்சருக்கு வணக்கம். ஆச்சியை தாராவியில் இருந்து எங்க பக்கம் அனுப்புவாங்கனு சொல்றாங்க. வந்தா நல்லது. ஆச்சி அழுவுது. இங்க பெரிய மலை. நீங்க எப்ப வருவீங்க.'

'அழுவுது' சரியாகத்தான் வந்திருந்தது. அதற்குள் அடுத்த வரியில் கோட்டை விட்டுவிட்டான், மழையைத்தான் எழுத நினைத்திருக்கிறான் என்றேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். குப்பை மலையாகவும் இருக்கலாம் என்கிறார்.